ஒன்பதாவது வீட்டுப் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம். மதியச் சாப்பாட்டுக்குக் கையில் தட்டோடு பஃபே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் போனவர்கள் எல்லாம் வடையை இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கவலை. பின்னால் நின்ற மைத்துனரிடம், “நமக்கு வர்றதுக்குள்ள வட தீர்ந்துரும் போல இருக்கே மச்சான்” என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ரேடியோல பேசுனவர்தானே?”

ஆஹா! ரேடியோவை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. என் முகத்தைப் பார்த்து யாரும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் குரலுக்கு இன்னும் மவுசு இருக்கிறதே! நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. வடையை மறந்துவிட்டேன்.

“ஆமாண்ணே. கேப்பீங்களா?”

“ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு. ஒரு வாரம் விட்டதில்ல.”

தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, “போட்டோ எடுத்துக்குவோமாண்ணே?” என்று நானே கேட்டேன். வெட்கம் கெட்டவன்!

அவர் போனை எடுக்கவில்லை. எழுபதை நெருங்கும் வயது. வெயிலில் காய்ந்த முகம், இஸ்திரி போட்ட பூப்போட்ட பாத்தேக் சட்டை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எம் பேரு மணியம். சிலிபின் கமலா இருந்திச்சில்ல, அதோட தம்பி. ஒண்ணு கேக்கணும் தம்பி. பாட்டுக்கு முன்னால பேர் வாசிப்பீங்கள்ல... அதுலேருந்து எம் பேர நீங்க எடுத்தீங்களா? இல்ல, எங்க அக்கா எடுத்துருச்சா?”

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் ரேடியோ புராணம் அத்துப்படி. புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செமோரில் ஒரு டயர் கடை. அதன் மாடியில் ஒரு அறை. அதுதான் எங்கள் ரேடியோ நிலையம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தர்மா அண்ணன் அதைத் தொடங்கினார். பழைய பாட்டு மட்டும்தான். அவர் கணக்கில் எண்பதுக்குப் பிறகு வந்ததெல்லாம் ‘இந்தக் காலத்துப் பாட்டு’. நிலையம் என்றதும் கோபுரம், ஆண்டெனா என்று கற்பனை செய்யாதீர்கள். எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். பிள்ளைகள் போனில் ஆப் ஏற்றிக் கொடுப்பார்கள். பெரியவர்கள் அதை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் கறி தாளிப்பார்கள்.

அங்கே ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை நான்தான் ராஜா. சம்பளம் கிடையாது — குடிக்க ஒரு தே தாரிக், கடிக்க இரண்டு ரொட்டி சானாய். சோகப் பாட்டின் நடுவே கீழே டயர் கழற்றும் மெஷின் டர்ர்ர் என்று அலறும். அது பாட்டிலேயே இருக்கிற இசை என்று நினைத்தவர்களும் உண்டு!

பாட்டு கேட்பதற்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். பாட்டின் பெயர் ஒரு வரி... அதைக் கேட்க வேண்டியவர்களின் பெயர் பத்து வரி. நம் ஜனங்களின் வழக்கம் அது. தர்மா அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: “பாட்ட வேணும்னா பாதியில வெட்டு. பேர மட்டும் வெட்டாத. பாட்டு எங்க வேணும்னாலும் கெடைக்கும் லா. பேரு இங்க மட்டும்தான்.”

சரி சரி என்று தலையை ஆட்டினேன்.

கமலா அக்கா சனிக்கிழமைதோறும் பதிவு அனுப்புவார். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். “வணக்கம் தம்பி, சிலிபின் கமலா பேசுறேன்” என்று ஊர்ப் பெயரோடு ஆரம்பிப்பார். அப்புறம் ஒன்பது பெயர். எப்போதும் அதே ஒன்பது, அதே வரிசை. செமோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி ஒன்பது வீடு. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் கதவு கதவாகப் பெயர் சொல்வார். அந்தத் தோட்டம் இப்போது வரிசை வரிசையாக வீடு கட்டி, கார் நிறுத்த இடமில்லாத ஒரு தாமான். ஒன்பது குடும்பமும் ஒன்பது ஊரில்.

“எந்தப் பாட்டா இருந்தாலும் போடுங்க தம்பி. பேர மட்டும் வரிசையா வாசிச்சிருங்க” என்று முடிப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க நான் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இந்த அம்மாவுக்கு எந்தப் பாட்டானாலும் சரியாம்!

இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகத்தான் வாசித்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது பெயரையும் எழுதி வைத்திருந்தேன். வாராவாரம் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும்.

அப்புறம் என் அண்ணன் மகன் ஒருநாள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சித்தப்பா... ஆனா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு” என்று சிரித்தான். சுருக்கென்று தைத்தது. கோலாலம்பூர் ஸ்டேஷன்களில் இப்படியா பெயர் வாசிக்கிறார்கள்? நிகழ்ச்சி என்றால் ‘டைட்’டாக இருக்க வேண்டாமா? பேனாவை எடுத்தேன். நாலாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகு வந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினேன் — ‘மற்றும் தோட்டத்து உறவுகள் அனைவருக்கும்.’

எவ்வளவு அழகான வரி! எல்லோரும் அதற்குள் அடங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அக்காவின் பதிவுகள் அப்புறமும் வந்தன. நான் முழுதாகக் கேட்கவில்லை. “வணக்கம் தம்பி, சிலிபின் கமலா...” வரைக்கும் கேட்பேன். போனை வைத்துவிட்டு நோட்டைத் திருப்புவேன். கேட்க என்ன இருக்கிறது? எல்லாம் அதே பல்லவிதானே! சில மாதம் கழித்துப் பதிவுகள் நின்றுபோயின. ஒரு நேயர் குறைந்தார் என்று நினைத்ததோடு சரி. கொஞ்ச நாளில் தர்மா அண்ணனுக்கு உடம்பு முடியாமல் ரேடியோவும் நின்றுபோனது.

இப்போது மணியம் அண்ணன் என் எதிரில் நிற்கிறார். வரிசை நகர்ந்துவிட்டது. இருவரும் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். அவரே பேசினார்.

“எங்க அக்கா மக கல்யாணம். இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. நான் தாய்மாமன். பத்திரிகைய அக்கா வீட்டுக்காரரோட அண்ணன்தான் அச்சடிக்கக் குடுத்தாரு. அவங்க பக்கத்துப் பேரு அத்தனையும் இருக்கு. எம் பேரு இல்ல.”

தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகை! நம்மவர்களிடம் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா?

“அச்சாகி வந்தப்புறம்தான் அக்கா பாத்திருக்கு. திரும்ப அடிக்க நாளில்ல. நம்ம தம்பிதானே, புரிஞ்சுக்குவான்னு நெனச்சு, எனக்கு வந்த பத்திரிகையில மட்டும் எம் பேர பேனாவுல எழுதி அனுப்பிருச்சு.”

“உங்களுக்கு வந்ததுல மட்டுமா?”

“எனக்கு வந்ததுல மட்டும். ஊருக்கெல்லாம் போனதுல இல்ல. எம் பேர நானே படிச்சுக்கிறதுக்கு எனக்கெதுக்குப் பத்திரிகை?” சொல்லும்போதே அவர் குரல் உயர்ந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேனா எழுத்து அவருக்கு ஆறவில்லை. “நான் போகல. மாமன் சீர பெரியப்பா மகன் செஞ்சான். அன்னையிலேருந்து அக்காகிட்ட பேச்சு இல்ல. சாவு, வாழ்வு எதுக்கும் நேரா முகம் பாத்துக்க மாட்டோம்.”

அப்புறம் அவர் மகள் போனில் எங்கள் ஆப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தவரின் காதில் என் குரல் விழுந்திருக்கிறது. முதல் வீடு பச்சையப்பன் குடும்பம், இரண்டாவது அஞ்சலை...

“எங்க லயம் லா அது! கண்ண மூடுனா ஒவ்வொரு கதவும் தெரியுது. எட்டாவது வீடு வரைக்கும் வந்துட்டீங்க. ஒம்பதாவது நான் கல்யாணம் கட்டி குடியிருந்த வீடு. அத அக்கா சொல்லாது, தாண்டிப் போயிரும்னு நெனச்சேன். நீங்க சொன்னீங்க — ‘கமலா அக்காவின் தம்பி மணியம்.’ தட்ட கீழ வச்சிட்டேன்.”

அது முதல் ஒரு வாரம்கூட விடவில்லையாம். பத்திரிகையில் விட்டுப்போன பெயரை அக்கா ஊரறிய வாரம் ஒரு தரம் வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. நான் வெறும் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு போன் பண்ணிப் பேசியிருக்கலாமேண்ணே?”

“அக்காவுக்கும் ரோசம், எனக்கும் ரோசம். ரேடியோவுல பேர் சொன்னா அது பேசுனதா ஆவாதுல்ல? கேட்டதும் பேசுனதா ஆவாது. ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்திச்சு.” லேசாகச் சிரித்தார். “அந்தத் தீவாளிக்கு வீட்டுக்கே போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அக்காவுக்கு ஒரு சேலைகூட எடுத்து வச்சிட்டேன். ஒரு ஞாயித்துக்கெழம கேக்குறேன்... நாலு வீட்டோட நின்னுருச்சு. அடுத்த வாரமும் நாலு. அதுக்கடுத்த வாரமும் நாலு.”

தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலை கொடுப்பார். கூப்பிடாத பெயருக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்க முடியாது. பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“அந்த மாதிரிதான் நெனச்சேன். நம்ம பேரு எடுபட்டுப் போச்சுன்னு. அக்கா மனசு மறுபடியும் மாறிருச்சுன்னு. சேலைய அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.”

நான் கையிலிருந்த காலித் தட்டை நாற்காலிக்குக் கீழே வைத்தேன்.

“தைப்பூசத்துக்கு மொத வாரம் அக்கா போயிருச்சு. பொறந்த வீட்டுக் கோடி நான்தானே கொண்டு போவணும்? தீவாளிக்கு எடுத்த சேலையத்தான் கோடியாப் போத்தினேன்.”

மண்டபத்தில் யாரோ மைக்கில் நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கமாகக் குனிந்தார்.

“அக்கா மக, எம் மருமவ சொல்லுது, அம்மா கடைசி வரைக்கும் உங்களுக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்திச்சாம். ‘வரிசை மாறுனாலும் பரவால்ல, எந் தம்பி பேர மொதல்ல வாசிங்க’ன்னு. அது நெசமா, இல்ல என் மனசு நோகக் கூடாதுன்னு புள்ள சொல்லுதான்னு தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க தம்பி. எங்க அக்காதான் எடுக்கச் சொல்லிச்சா?”

என்ன கேள்வி இது! ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நோட்டு, பேனா, அந்தக் கோடு. ஆனால் ரேடியோவில் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசிய வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

“பழைய கதையாச்சேண்ணே... செக் பண்ணிட்டுச் சொல்றேன்.”

அவர் நம்பரைக் கொடுத்தார். நான் சாப்பிடாமலே ஈப்போவில் இருக்கும் வீட்டுக்கு வண்டியை எடுத்தேன். மைத்துனர் வழியெல்லாம் வடையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாளே செமோருக்குப் போய்த் தர்மா அண்ணனைப் பார்த்தேன். ரேடியோவுக்குப் பதிவுகள் வந்த போன் எங்கே என்றேன். பேட்டரி வீங்கிப் போய் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்றாம். அக்காவின் பதிவுகள் அதோடு போச்சு. ஒவ்வொன்றின் கடைசியிலும் அவர் என்ன சொன்னார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

தர்மா அண்ணனிடம் இருந்தது வேறு. என் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் போடச் சொன்னேன். என் குரல் வந்தது. கனிவாக, குழைவாக, “மற்றும் தோட்டத்து உறவுகள் அனைவருக்கும்...” அப்புறம் பாட்டு. பாட்டு முடிந்ததும் என் கார் இன்ஜினுக்குள் ஒரு பூனை புகுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். நானே சிரித்துக்கொண்டேன். தர்மா அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பூனைக்கு நாலரை நிமிசம்” என்றார்.

ஒன்பது பெயரையும் ஞாபகத்திலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கோடு அப்படியே இருந்தது, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக. தெலுக் இந்தானுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, நான்தான்.”

“கொரலு தெரியுது. சொல்லுங்க.”

“உங்க பேர அக்கா எடுக்கலண்ணே. நான்தான் எடுத்தேன். கோடு போட்ட நோட்டு என் கையில இருக்கு. நேரம் பத்தாம எடுக்கல. எனக்கு வாசிக்க அலுப்பா இருந்திச்சு. அதான் நெசம். அக்கா அனுப்புனத நான் முழுசாக் கேக்கவே இல்ல.”

அந்தப் பக்கம் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா எடுக்கல.”

“எடுக்கலண்ணே.”

“அது பேசுனது ஏதாச்சும் இருக்கா? கொரலு?”

“இல்லண்ணே. போன் போயிருச்சு.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி” என்றார் கடைசியில். “ஆனா மருமவ பொய் சொல்லல. இன்னைக்குச் சோறு எறங்கும்.”

போனை வைத்துவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும். முந்தின ராத்திரியே எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இந்தக் கோட்டைப் போடுகிறவர்கள்தான். கோயில் நோட்டீஸில், நன்றியுரையில், கல்யாணப் பத்திரிகையில்... நாலு பெயர் போட்டதும் கை வலித்துவிடும். ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுவோம். அந்தப் ‘பலர்’ என்பவர் எந்த ஊரில் குடியிருக்கிறார்? அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா? நான் நினைக்கவில்லை. அந்தப் பாவம் என்னோடுதான் வரும்.

இப்போது ரேடியோ இல்லை. டயர் கடைக்காரர் அந்த அறையில் பழைய டயரை அடுக்கி வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான். இதில் பாட்டுப் போட முடியாது. கமலா அக்காவுக்குத்தான் எந்தப் பாட்டானாலும் சரியாயிற்றே! அவர் கடைசியாகக் கேட்டபடி, லயத்து வரிசையை மாற்றி வாசிக்கிறேன். மற்ற எட்டு வீட்டாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிலிபின் கமலா அக்கா விரும்பிக் கேட்டது. தெலுக் இந்தானில் இருக்கும் அவரது தம்பி மணியம், ஒன்பதாவது வீடு. பச்சையப்பன் குடும்பம். அஞ்சலை குடும்பம். தங்கராஜு குடும்பம். வீரம்மா குடும்பம். சுப்பையா குடும்பம். மாரியாயி குடும்பம். லெட்சுமணன் குடும்பம். எட்டாவது வீடு காளியம்மா குடும்பம்.

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு: பக்கத்தில் இடம் போதவில்லை என்றால், மேலே பெரிய எழுத்தில் போடுவீர்களே... அந்த என் பெயரை வெட்டிவிடுங்கள்.